பேசாத காமிராவையே வாங்கியிருக்கலாம்

வோலோஸ்,
ஜூன் 23, செவ்வாய்

அன்பு மகள் மிர்சினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் ஏதோ நலமாக இருக்கிறோம், நீ அங்கே குறையில்லாத நலத்தோடு இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். மூவர் என்றால் அப்பா, நான், பூக்கா; நாயையும் ஆளாக எண்ணுகிறேன் என்று சிரிக்காதே. வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் என் வாயில் வருகிறது. அது போக, வீட்டுக்குள் போனை எடுத்துப் பேசவே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது, காரணத்தைக் கீழே எழுதுகிறேன். மூன்றாம் மாடி தசூலாவின் தங்கை சனிக்கிழமை மெல்போர்னுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே மலைத் தேயிலை ஒரு கட்டும், காய்ந்த ஒரேகானோ ஒரு பையும். அங்கே விமான நிலையத்தில் இலை தழையைக் கண்டால் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று தசூலா பயமுறுத்துகிறாள். பிடுங்கினால் போகட்டும், கடிதம் வந்து சேர்ந்தால் போதும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஹீட்டரைப் போட்டுக்கொண்டே தூங்கிவிடாதே, ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வை. போன வாரம் செய்தியில் ஏதோ ஒரு ஊரில் ஒரு குடும்பமே அப்படிப் போய்விட்டது என்று காட்டினார்கள், அன்றிலிருந்து எனக்கு உன் அறைதான் கண்ணில் நிற்கிறது.

பூக்காவைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மார்ச்சில் அப்பா பக்கவாதம் வந்து சமையலறையில் விழுந்தாரே, அன்று ஆம்புலன்ஸ்காரர்களின் காலுக்குள் புகுந்துவிடுவாளே என்று அவளைப் பால்கனியில் விட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் பின்னாலேயே ஓடினேன், அவள் அங்கே நிற்பது எனக்கு நினைவே இல்லை. நீ வந்து இரண்டு வாரம் இருந்தபோது வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் இருந்தோம், அதனால் ஒன்றும் தெரியவில்லை. நீ விமானம் ஏறிய மறுநாள் அப்பாவைப் பார்க்க, நடையும் பேச்சும் திரும்பப் பழக்கும் அந்த மருத்துவமனைக்குக் கிளம்பினேன். கதவைப் பூட்டினேன், லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். குரைப்பு என்றால்கூடப் பரவாயில்லை, இது ஊளை. பஸ் நிறுத்தம்வரை கேட்டது. தட்டில் கோழி வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தால் கோழி அப்படியே கிடக்கிறது. பதினொரு வருடத்தில் இவள் கோழியைத் தொடாமல் விட்ட நாள் உண்டா. கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். தனிமைப் பதற்றம் என்று ஒரு பெயர் சொன்னார், கதவு சாத்தினால் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்று அதன் மூளையில் பதிந்துவிட்டது, மெல்ல மெல்லத்தான் மாற்ற வேண்டும் என்றார். மெல்ல மெல்ல மாற்ற எனக்கு எங்கே நேரம். அப்பாவைப் பார்க்கவிடும் நேரம் மூன்றரையிலிருந்து ஐந்தரை, அதுதான் கோடையில் மதியத் தூக்கத்துக்காக ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரமும்.

மேல் வீட்டு எஃப்ரோசினியை உனக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். அவள் பகலில்தான் தூங்க வேண்டும். முதல் வாரம் பொறுத்தாள். இரண்டாம் வாரம் கண்ணெல்லாம் சிவந்து கதவுக்கு வந்து, "கரிஃபலியாம்மா, ராத்திரி பூரா முப்பது பேருக்கு மருந்து குடுத்துட்டு வர்றேன், பகல்ல ஒரு நாலு மணி நேரம் கண்ணை மூட விடுங்க. எங்க வார்டுல சாகக் கெடக்கிறவங்ககூட இப்படி அழறதில்ல" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சண்டை போடும் ஆளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பிறகு லிஃப்டுக்குள் ஒரு காகிதம் ஒட்டினார்கள், ஓய்வு நேரத்தில் விலங்குகளின் சத்தம் குறித்து ஜூன் கடைசி வியாழனன்று குடியிருப்போர் கூட்டத்தில் முடிவு செய்யப்படும் என்று. பெயர் போடவில்லை. தசூலாவின் கிளியை விட்டால் இந்தக் கட்டிடத்தில் இருக்கும் விலங்கு பூக்கா ஒருத்திதான். உன் சித்தப்பா தொதோரிஸ் இதைக் கேள்விப்பட்டதும், "ஸகோராவுக்கு அனுப்பிடுங்க அண்ணி, இங்க என் ஆப்பிள் தோட்டத்துல சங்கிலி போட்டுக் கட்டிட்டா நாலு நாள்ல பழகிடும்" என்று போன் செய்தார். அவர் நாய்கள் பழகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா வீட்டுக்கு வந்து பூக்கா எங்கே என்று கண்ணால் தேடினால் நான் என்ன சொல்வேன்.

காமிரா வாங்கலாம் என்று நீதான் சொன்னாய். நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதனால்தான் இப்போது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. பார்க்க மட்டும் ஒன்று வாங்கு, எத்தனையாவது நிமிஷத்தில் ஆரம்பிக்கிறாள், எங்கே நிற்கிறாள் என்று முதலில் தெரியட்டும் என்றாய். டிமித்ரியாதோஸ் தெருவில் பந்தெலிஸ் கடைக்குப் போனேன், அப்பாவோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய லாம்ப்ரோஸின் பையன். அவன் கேட்ட முதல் கேள்வி, "திருடனைப் பார்க்கவா, நாயைப் பார்க்கவா? அதைச் சொல்லுங்க முதல்ல. திருடன்னா வாசல் தெரியணும், நாய்னா தரை தெரியணும்." மூன்றை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று முட்டை அளவு, அசையாது, பேசாது, பார்த்ததை ஒரு சின்ன கார்டில் பதிந்து வைக்கும், குரைத்தால் என் போன் அதிரும், அவ்வளவுதான். இரண்டாவது கழுத்தைத் திருப்பும், நான் போனில் பேசினால் அது வீட்டில் பேசும். மூன்றாவது பிஸ்கட் வீசும், அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். கோழியையே தொடாதவளுக்குப் பிஸ்கட் எதற்கு என்று மூன்றாவதை ஒதுக்கிவிட்டேன். மற்ற இரண்டில் எதை எடுப்பது என்று அரை மணி நேரம் நின்றேன். வைஃபை அறுந்தால் என்ன ஆகும், சிவப்பு விளக்கைப் பார்த்து மிரள்வாளா, யாராவது எங்கிருந்தோ உள்ளே புகுந்து நம் வீட்டைப் பார்ப்பார்களா என்றெல்லாம் கேட்டு அவன் பிராணனை வாங்கினேன். கடைசியில், "அம்மா, காமிரா வாங்க வந்தீங்களா, என்னை விசாரிக்க வந்தீங்களா" என்று சிரித்துவிட்டான். பேசாமல் முட்டையை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நானோ இரண்டின் படத்தையும் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன். இரண்டு மாதமாக எதிலும் அவரைக் கேட்காமல் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன், இதையாவது கேட்போம் என்று ஒரு ஆசை. அவர் பேசும் காமிராவின் படத்தை இடது கையால் தட்டினார். சரி, அவர் தேர்ந்தெடுத்தது என்று அதையே வாங்கினேன்.

பந்தெலிஸ் வந்து டிவி பக்கத்து அலமாரியில், மாதா படத்துக்குக் கீழே வைத்துக்கொடுத்தான். அங்கிருந்து சோஃபாவும் பால்கனிக் கண்ணாடியும் தெரியும், கழுத்தைத் திருப்பினால் சாப்பாட்டு மேஜையும் தெரியும். மறுநாள் அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். பால்கனியைப் பார்த்து ஊளையிட்டுக்கொண்டிருந்தாள். நான் பட்டனை அழுத்தி, "எலா, பூக்கா" என்றேன், போனை எடுத்தால் வாயில் தானாக வருமே அது மாதிரி. அவள் சட்டென்று நிறுத்திக் காதைத் தூக்கினாள். அப்போது அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார், மிர்சினி. கோணிய வாயை ஒரு பக்கமாக இழுத்து, தொண்டையிலிருந்து கல்லைப் புரட்டுவதுபோல் புரட்டி, "எலா" என்றார். வா என்று தன் நாயைக் கூப்பிட்டார். ஏப்ரல் போய் மே பாதியும் போய், அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அன்றைக்குத்தான் நான் உனக்குப் போன் செய்து அழுதேன், நீயும் அழுதாய், உனக்கு அங்கே விடியக்கூட இல்லை. அதற்குப் பிறகு தினமும் அதுதான் எங்கள் வேலை. அவர் எலா, எலா என்பார், பூக்கா காமிரா முன்னால் வந்து வாலை ஆட்டிச் சுற்றுவாள், பிறகு நடைப் பக்கம் ஓடிப் படத்திலிருந்து மறைந்துவிடுவாள், இன்னொரு தடவை கூப்பிட்டால் மறுபடி வருவாள். விளையாடுகிறாள் என்று நினைத்தோம். குரைப்பதும் கேட்டது, சந்தோஷத்தில் குரைக்கிறாள் என்று நினைத்தோம். வார்டு நர்ஸ்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள், அவர் பாதி வாயால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டு வாசற்கதவின் உட்புறம் பழுப்பாக ஏதோ தீற்றல் இருந்தது. தக்காளிச் சாறு பட்டிருக்கும் என்று துடைத்தேன். மறுநாளும் இருந்தது. அன்று அவள் என் மடியில் முன்காலை வைத்தபோதுதான் பார்த்தேன், இரண்டு நகம் பிய்ந்து தொங்குகிறது. கதவின் கீழ்ப்பக்கம் மரம் பேர்ந்து பள்ளமாகியிருக்கிறது. மருந்து போட்டு அப்பாவின் காலுறையைச் சுற்றிக் கட்டினேன், முள் குத்தியிருக்கும், பதற்றம் இறங்க நாளாகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எஃப்ரோசினிதான் கண்ணைத் திறந்தாள். ஒரு நாள் நான் திரும்பி வரும்போது அவள் படிக்கட்டில் காத்திருந்தாள், திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "நான் மேல படுத்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். முன்னெல்லாம் ஒரு மணி நேரம் அழுதுட்டு ஓய்ஞ்சிடும். இப்ப உங்க வீட்டு அப்போஸ்டோலிஸ் ஐயா குரல் கேக்குது, எலாங்கிறார், உடனே அது ஓடி வந்து கதவுல முட்டுது. மறுபடி எலாங்கிறார், மறுபடி முட்டுது. ஆளை வா வான்னு கூப்பிட்டுட்டு கதவை வெளிய பூட்டி வச்சா, நாய் என்ன, நானே கதவைப் பிறாண்டுவேன்" என்றாள்.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடமாக அவர் வேலை முடிந்து கீழே தெருவிலிருந்து எலா என்று ஒரு குரல் கொடுப்பார், இவள் கதவுக்கு ஓடுவாள், நான் திறந்துவிடுவேன், நாலு மாடியும் இறங்கி அவர் காலில் போய் விழுவாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். நாம்தான் போனை எடுத்தாலும் எலா என்கிறோம், ஆளை அடையாளம் தெரிந்தாலும் எலா என்கிறோம், எதிரில் இருப்பவர் வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். நாய்க்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது. வீட்டில் போனை எடுத்து எலா என்று சொல்ல எனக்குப் பயம் என்றேனே, அதனால்தான். நடையில் இருக்கும் கதவு காமிராவின் கண்ணுக்கு எட்டவில்லை, எங்கள் கண்ணுக்கும் எட்டவில்லை. அவர் ஐயோ பாவம் நாய் என்று கூப்பிட, அது அவர் கீழே நிற்கிறார் என்று நம்பி நகத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தப் படியில் உட்கார்ந்து நான் உன்னையும் நினைத்தேன். இரண்டு வருடமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அந்த வார்த்தையில்தான் தொடங்கியிருக்கிறேன். உனக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. இதற்காக நீ ஒன்றும் பதில் எழுத வேண்டாம்.

அன்றே பேசும் வசதியை ஆப்பில் அணைத்துவிட்டேன். இப்போது என் கவலையைக் கேள். நாயைப் பார்த்தால் பேசாத காமிராதான் வேண்டும். அப்பாவைப் பார்த்தால் பேசும் காமிராதான் வேண்டும், அவருக்கு இருப்பதே ஒரு வார்த்தை, அது நாய்க்காக வந்த வார்த்தை. பந்தெலிஸிடம் போய்க் கேட்டேன், மாசக் கடைசிவரைக்கும் மாற்றித் தருகிறேன், பெட்டி மட்டும் கிழியாமல் இருக்கட்டும் என்றான். பெட்டியை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன், மறுபடி எடுத்து அலமாரி மேல் வைத்தேன், இப்படியே பத்து நாள் அது நடந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் காமிரா கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன். அவருக்குப் புரிகிறது, மிர்சினி, எல்லாமே புரிகிறது. முதல் நாள் போனை நோக்கிக் கையை நீட்டினார். இரண்டாம் நாள் நீட்டவில்லை. மூன்றாம் நாள் தயிரைத் தொடவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எலா என்பதும் நின்றுபோனது. நான்காம் நாள், பேச்சுப் பயிற்சி தரும் அரெட்டி இருக்கிறாளே, உன் வயதுதான், வளையம் வளையமாகத் தோடு போட்டிருப்பாள், அவள் என்னை வராந்தாவில் பிடித்து என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். "வாயில வர்ற ஒரே வார்த்தையைப் பிடுங்கக்கூடாதும்மா. அது பக்கத்துலயே இன்னொண்ணைக் கொண்டுபோய் வைக்கணும்" என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்தது காத்சே. நாயை உட்கார வைக்கவும் அதைத்தான் சொல்கிறோம், கிளம்பும் விருந்தாளியை இன்னும் கொஞ்சம் இரு என்று நிறுத்தவும் அதைத்தான் சொல்கிறோம், எலா மாதிரியே இரண்டே அசையில் முடிந்துவிடும். அவர் அதைக் காமிரா வழியாகச் சொன்னால் பூக்கா கதவுக்கு ஓடாமல் இருந்த இடத்தில் படுத்துக்கொள்வாள் என்று அரெட்டியின் கணக்கு. வீட்டில் நான் பூக்காவுக்கு அந்த வார்த்தையைப் புதிதாகப் பழக்கினேன். காத்சே என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் உடனே திரும்பி வருவது, பிறகு வாசலுக்கு வெளியே போய்ப் பத்து எண்ணிவிட்டு வருவது. பத்து எண்ணும்வரை இருக்கிறாள், நூறு எண்ணினால் அழுகிறாள். அங்கே அரெட்டி அவருடைய இடது கையைப் பிடித்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி, பாட்டு மாதிரி இழுத்து, காத்-சே, காத்-சே என்பாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து முகம் சிவக்க முயன்று கடைசியில் எலா என்பார். பிறகு தானே தலையில் அடித்துக்கொள்வார். எலா திரும்பி வந்ததே என்று எனக்கு நிம்மதி, அவருக்கு அது வெட்கம். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. ஸகோராவிலிருந்து சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்து வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இரண்டாவது தடவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்கிறேன் என்றேன். அதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

நேற்று என்ன நடந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் தினமும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன், அதை விட்டால் ஆறேகால்தான். நேற்றும் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பையை எடுத்தேன். அதற்குள் போன் நான்கு தடவை அதிர்ந்திருந்தது, குரைக்கிறாள் என்று அர்த்தம். மேலே எஃப்ரோசினி தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பாள், வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. எழுந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அப்போது அவர், "காத்சே" என்றார். தெளிவாக, மிர்சினி, அவருடைய பழைய குரலில். அரெட்டிகூட அறையில் இல்லை. இதோ இதோ என்று போனை எடுத்துப் பேசும் வசதியைப் போட்டு, பூக்காவிடம் சொல்லுங்கள், அவளிடம் சொல்லுங்கள் என்று அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் போனைத் தள்ளிவிட்டார். நல்ல கையால் என் பையின் வாரைப் பிடித்துக் கீழே இழுத்து, என் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னார், காத்சே.

நான் உட்கார்ந்தேன். மூன்று மாதமாகத் தினமும் வருகிறேன், ஆனால் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் அந்தக் காமிராவில், அவரைக்கூட அதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவு சாத்துவதைப் பார்த்துத் தினமும் அவருக்கும் ஏதோ ஆகியிருக்கிறது, ஊளையிட அவருக்கு வாய் வரவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஐந்து மணி பஸ் போயிற்று. ஆறேகால் பஸ்ஸும் போயிற்று. வெளியே போங்கள் என்று சொல்ல வந்த நர்ஸ், அவர் என் பையைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அவர் தூங்கும்வரை இருந்தேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் கதவைத் திறந்தால் என்ன பார்க்கப் போகிறேனோ என்பதுதான் நினைப்பு. போனைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் சத்தமே இல்லை, அது இன்னும் பயம். கதவைத் திறந்தேன். நம் சோஃபாவில் எஃப்ரோசினி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் வயிற்றின் மேல் தலையை வைத்துப் பூக்கா. அப்பா விழுந்த அன்று நான் எஃப்ரோசினியிடம் எறிந்துவிட்டு ஓடிய சாவியை அவள் திருப்பித் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கண்ணைத் திறக்காமலே, "அஞ்சரைக்கு வந்துடுவீங்கன்னு பார்த்தேன், வரல. நல்லவேளை, இன்னிக்கு ராத்திரி எனக்கு லீவு. எப்படியும் தூங்க விடாது, இங்கயே வந்து படுத்துடலாம்னு வந்தேன். ஆள் பக்கத்துல இருந்தா மூச்சுகூட விடமாட்டேங்குதே இந்தச் சனியன்" என்றாள். வந்து படுத்துக்கொள்கிறாயா, தினமும், சாப்பாடு செய்து வைக்கிறேன் என்று நான் ஏதேதோ உளறினேன். "தினமுமா? நல்லா இருக்கே நியாயம். திங்கள், புதன், வெள்ளி. ஆறு மணிக்கு மேல ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன், வேலைக்குப் போகணும். இன்னொண்ணு, அந்தக் காமிராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைங்க, நான் தூங்குறதை யாரும் பார்க்க வேணாம்" என்றாள். மூன்று நாள் தீர்ந்தது, நான்கு நாள் மீதி இருக்கிறது. கூட்டத்தில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது, ஆனால் புகார் கொடுத்தவளே நம் சோஃபாவில் தூங்குகிறாள் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேசும் காமிராவைக் கொடுத்துவிட்டு அந்த முட்டைக் காமிராவை வாங்கி வந்தேன், இந்தத் தடவை நடையில், கதவு தெரியும்படி வைத்திருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் சனி ஞாயிறும் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, இன்று செவ்வாய், இதை எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இப்போதே அவள் என் செருப்பின் மேல் படுத்திருக்கிறாள்.

மகளே, மாதாவின் கை எப்போதும் உன் தலைமேல் இருக்கட்டும், உடம்பு நலமாக, நல்ல மனிதர்கள் நடுவில், வயிறு நிறைய நீ வாழ வேண்டும். கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளாமல் வேலைக்குப் போகாதே. இன்னும் ஒன்றே ஒன்று. இது கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் அப்பாவின் பக்கத்தில் இருப்பேன். சரி அப்பா, வைக்கட்டுமா என்று நீ எப்போதும் கேட்பாயே, அப்போது அவர் அந்தப் புது வார்த்தையை உன்னிடமும் சொல்லக்கூடும். சொன்னால், எவ்வளவு வேலை இருந்தாலும், உடனே வைத்துவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
கரிஃபலியா